போர்க்கப்பலுக்குக் கண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்க்கப்பல்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏவுகணையும் ட்ரோனும் வந்துவிட்ட காலத்தில் பெரிய கப்பல் கட்டுவது பணத்தைக் கடலில் கொட்டுகிற வேலை, அதே காசுக்குச் சின்னச் சின்ன ஏவுகணைப் படகுகளை வாங்கிக் கரையோரம் நிறுத்திவிட்டால் போதும் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். நான் கடற்படையில் ராடார் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் கோத்தகிரி. ஆள்சேர்ப்புக்கு விண்ணப்பிக்க இருந்த டானிங்டன் பையன் ஒருவன் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, “என்ன மாமா, நேவியே இனிமே இருக்காதாமே?” என்று வந்து கேட்டான். அவனிடம் சொன்னதைத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்ல நினைக்கிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையாளர் முக்கியச் சான்றாக வைப்பது, 1971 போரில் நம் ஏவுகணைப் படகுகள் பாகிஸ்தானின் கராச்சியை அடித்த தாக்குதலை. டிசம்பர் 4-ஐக் கடற்படை தினமாகக் கொண்டாடுவதே அந்த இரவுக்காகத்தான். ஆனால் அந்த இரவின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

அதற்கு நாலு வருஷம் முன்பு, 1967 அக்டோபர் 21 அன்று, போர்ட் சயீதுக்கு வெளியே ரோந்து போய்க்கொண்டிருந்த இஸ்ரேலின் எய்லாட் என்ற நாசகாரிக் கப்பலை எகிப்தின் கோமார் என்ற சின்ன ஏவுகணைப் படகுகள் ஸ்டைக்ஸ் ஏவுகணைகளால் மூழ்கடித்தன. 47 பேர் செத்தார்கள். கப்பலிலிருந்து ஏவிய ஏவுகணை இன்னொரு போர்க்கப்பலை மூழ்கடித்தது உலகத்தில் அதுதான் முதல் தடவை. எய்லாட் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் கட்டியது, பீரங்கியை நம்பிய கப்பல். அதன் எடையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத படகுகள், அதன் பீரங்கிக்கு எட்டாத தூரத்திலிருந்தே அதை முடித்துவிட்டன.

நம் கடற்படை அந்தப் பாடத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டது. சோவியத் யூனியனிடம் எட்டு ஓசா வகைப் படகுகளை வாங்கி, நம் ஆட்களை விளாதிவஸ்தோக்குக்கு அனுப்பிப் பழக்கினார்கள். படகுகள் வந்து சேர்ந்தபோது அவற்றைத் தூக்கி இறக்கத் தோதான கிரேன் பம்பாயில் இல்லை. கல்கத்தாவில் இறக்கி, அங்கிருந்து நாட்டின் தென்முனையைச் சுற்றி பம்பாய்க்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஓசா, கரையைக் காவல் காக்கச் செய்த படகு. தூரம் போக எண்ணெய் போதாது. அப்படி இழுத்து வந்த அனுபவத்தில்தான், இதைக் கராச்சி வரைக்கும் கொண்டுபோகலாமே என்ற யோசனை வந்தது.

நிபாட், நிர்காட், வீர் என்ற மூன்று படகுகள் அன்று போயின. தனியாகப் போகவில்லை. கில்தான், கச்சால் என்று அவற்றைவிடப் பெரிய இரண்டு கப்பல்கள் கூடவே போயின. அவற்றின் ராடாரும் சேர்ந்துதான் படகுகளுக்கு வழிகாட்டியது. பாகிஸ்தானின் கைபர் நாசகாரியும் கண்ணிவெடி அகற்றும் முஹாஃபிஸ் மைன்ஸ்வீப்பரும் மூழ்கின. அடிபட்ட கைபர், எதிரி விமானம் தாக்குகிறது என்றுதான் தன் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பியது. எதனால் அடிபட்டோம் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்த கப்பல் அது. கட்டுரையாளர் இதைச் சின்னப் படகின் வெற்றி என்கிறார். முதலில் பார்த்தவனின் வெற்றி என்பது என் கட்சி.

ஐந்தே நாளில் நமக்கும் அது நடந்தது. டிசம்பர் 9 இரவு நம் குக்ரி கப்பலைப் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி, தண்ணீருக்கடியில் பாய்ந்து வரும் டார்பிடோவால் அடித்தது. கேப்டன் மகேந்திர நாத் முல்லாவையும் சேர்த்து 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போய்விட்டார்கள். தண்ணீருக்கடியில் ஒலியை வைத்துத் தேடும் குக்ரியின் சோனார் கருவி நீர்மூழ்கியைப் பிடிக்கும் முன்பே நீர்மூழ்கி குக்ரியைப் பிடித்துவிட்டது. நான் சேர்ந்த காலத்தில் பழைய ஆட்கள் கராச்சியைப் பற்றி எத்தனை தடவை கேட்டாலும் சொல்வார்கள். குக்ரி என்றால் பேச்சு நின்றுவிடும். ஏவுகணைக் காலம் பிறந்துவிட்டது என்று நாம் கொண்டாடிய அதே வாரத்தில், இரண்டு உலகப் போர்களைப் பார்த்த டார்பிடோ நம் ஆட்களைக் கொண்டுபோனதைக் கட்டுரையாளர் ஒரு வரிகூட எழுதவில்லை.

1973-ல் எய்லாட்டின் கணக்கை இஸ்ரேல் திருப்பிப் போட்டது. சிரியாவின் லட்டாகியா துறைமுகத்துக்கு வெளியே நடந்த சண்டையில் சிரியாவின் ஸ்டைக்ஸ் எட்டும் தூரத்தில் பாதிதான் இஸ்ரேலின் கேப்ரியல் ஏவுகணைக்கு. ஆனாலும் வந்த ஸ்டைக்ஸ் எல்லாம் மின்னணுக் குழப்படியிலும் ராடாரை ஏமாற்றக் காற்றில் தூவிய சாஃப் இழைகளிலும் ஏமாந்து கடலில் விழுந்தன. சிரியா ஐந்து கலங்களை இழந்தது. இஸ்ரேல் ஒன்றையும் இழக்கவில்லை. தூரம் எட்டினால் மட்டும் போதாது, பார்ப்பது நிஜமா பொய்யா என்று ஏவுகணைக்கும் தெரிய வேண்டும்.

சரி, கராச்சிக்குப் பிறகு நாம் படகுகளாகவே வாங்கிக் குவித்திருந்தால்? கட்டுரையாளர் சொல்கிற வழி அதுதான். பல நாடுகள் அந்த வழியில் போயும் பார்த்தன. 1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் ஏவுகணைப் படகுகள் பிரிட்டனின் லிங்க்ஸ் ஹெலிகாப்டர்களிடம் வரிசையாக அடிபட்டன. மேலிருந்து பார்க்கிறவனுக்கு முன்னால் அந்தப் படகுகளால் எதுவும் செய்ய முடியவில்லை. 2024 பிப்ரவரி 1 அன்று கருங்கடலில் ரஷ்யாவின் இவானோவெத்ஸ் என்ற ஏவுகணைக் கப்பலை உக்ரைனின் ஆளில்லாப் படகுகள் கூட்டமாக வந்து மூழ்கடித்தன. கராச்சிக்குப் போன வீர் படகின் பெயரில் நம்மிடம் பின்னால் வந்த வீர் வகைக் கப்பல்களின் குடும்பம்தான் அது. ஏவுகணையைச் சுமக்கும் சின்னக் கலம் தன்னைவிடச் சின்னதிடம் தோற்ற கதை இது. சிறியதாக இருப்பதே பாதுகாப்பு என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்?

நம்மவர்கள் வேறு வழி பிடித்தார்கள். முதலில் தல்வார் கப்பலின் முன்பக்கப் பீரங்கியை எடுத்துவிட்டு, அங்கே ஓசா படகு ஒன்றின் ஸ்டைக்ஸ் ஏவுகலன்களை வைத்தார்கள். அப்புறம் லியாண்டர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வடிவத்தை நம் பொறியாளர்களே பெரிதாக்கி, அதில் ரஷ்ய ஏவுகணை, மேற்கு ஐரோப்பிய மின்னணுக் கருவிகள், பின்பக்கம் இரண்டு சீ கிங் ஹெலிகாப்டர் என்று எல்லாவற்றையும் ஏற்றினார்கள். 1983 டிசம்பர் 10 அன்று பணியில் சேர்ந்த கோதாவரி அப்படிப் பிறந்ததுதான். பனிப்போரின் இரண்டு முகாம்களும் ஒரே தளத்தில் வேலை செய்த கப்பல் அது. வேறெந்தக் கடற்படையும் அந்த நாளில் அப்படி ஒன்றைத் துணிந்து கட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த வகைக் கப்பலில் நான் இருந்திருக்கிறேன். அதன் ஆபரேஷன்ஸ் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. மிடில் வாட்ச், அதாவது இரவு 12 முதல் 4 வரை, இருட்டில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம். கோடு சுற்றிக்கொண்டே இருக்கும்; தெரிகிற புள்ளிகளை ஒருவன் சொல்லச் சொல்ல, கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் நிற்பவன் அதிகாரிக்கு நேராகத் தெரியும்படி தலைகீழ் எழுத்தில் கிரீஸ் பென்சிலால் எழுதுவான். சௌராஷ்டிரக் கரையில் மீன்பிடிப் படகுகள் நூற்றுக்கணக்கில் நிற்கும். மரப்படகு என்பதால் ஒரு சுற்றில் தெரியும், அடுத்த இரண்டு சுற்றில் தெரியாது. மழைக்காலம் வந்தால் அலையே திரை முழுக்க எதிரொலிக்கும். அந்த இரைச்சலைக் குறைக்க ஒரு குமிழ் உண்டு. குறைவாகத் திருப்பினால் அலைக்குள் இலக்கு ஒளிந்துகொள்ளும். கூடத் திருப்பினால் அலையோடு சேர்ந்து இலக்கும் அழிந்துபோகும். எந்தக் கடலில், எந்தக் காற்றில், எவ்வளவு திருப்புவது என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சீனியர் தலையில் தட்டித் தட்டித்தான் வரும். வருஷக்கணக்கில் ஆகும்.

ராடார் எவ்வளவு தூரம் பார்க்கும் என்பது நீலகிரிக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். கோடநாடு காட்சிமுனையில் நின்றால் மாயாறும் தெங்குமரஹாடாவும் பவானிசாகர் தண்ணீரும் விரிந்து கிடக்கும். கீழே தெங்குமரஹாடா வயலில் நிற்பவனுக்கு அடுத்த மரக்கூட்டம் வரைதான். பூமி உருண்டை என்பதால் கடலிலும் அதே கதை. 25 மீட்டர் உயரத்தில் இருக்கும் ராடார், தண்ணீருக்கு 5 மீட்டர் மேலே உரசிக்கொண்டு வரும் ஏவுகணையை ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்குள் வந்தபிறகுதான் பார்க்க முடியும். ராடாரை எவ்வளவு பெரிதாகச் செய்தாலும் இது மாறாது. கப்பலைத் தாக்கும் எக்சோசே போன்ற ஏவுகணை அந்த 30 கிலோமீட்டரை 100 விநாடியில் தாண்டும். நம் பிரம்மோஸ் போல ஒலியைவிட 2.8 மடங்கு வேகம் என்றால் அரை நிமிஷம்தான். அந்த நேரத்துக்குள் பார்த்து, நம்பி, சொல்லி, சுட வேண்டும்.

இந்த 100 விநாடியில் என்ன நடக்கும் என்பதற்கு 1982 மே 4-ஐப் பாருங்கள். பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஃபாக்லாந்து போர். பிரிட்டனின் ஷெஃபீல்டு நாசகாரி, விமானங்களை வீழ்த்துவதற்கென்றே சீ டார்ட் ஏவுகணையோடு கட்டிய கப்பல், அப்போது ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. விமானத்திலிருந்து ஏவும் எக்சோசே அர்ஜென்டினாவிடம் ஐந்தே ஐந்துதான் இருந்தது. பிரிட்டிஷ் கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தது நெப்டியூன் என்ற அரதப்பழைய ரோந்து விமானம். ஏவுகணைகளைச் சுமந்த இரண்டு சூப்பர் எத்தாந்தார் விமானங்கள் தண்ணீரை ஒட்டியே பறந்து வந்தன. பக்கத்தில் இருந்த கிளாஸ்கோ கப்பல் அவற்றைப் பிடித்து எச்சரிக்கை கொடுத்தது. ஆனால் ஏற்கெனவே பொய் எச்சரிக்கைகள் வந்திருந்ததால், விமானந்தாங்கியில் இருந்தவர்கள் இதையும் நம்பவில்லை. ஷெஃபீல்டு அந்த நேரம் பார்த்துச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. எதிரியின் ராடார் அலையைப் பிடிக்கும் கருவி அதனால் செவிடாகிவிட்டது. சாஃப் வீசவில்லை. சீ டார்ட் கிளம்பவேயில்லை. 20 பேர் இறந்தார்கள். தீயணைப்புத் தண்ணீர்க் குழாயும் உடைந்துபோனதால் நெருப்பை அடக்க முடியாமல் கப்பலைக் கைவிட்டார்கள். மே 10 அன்று மூழ்கியது.

இந்தக் கதையை எங்களுக்குப் பயிற்சியில் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் கிளாஸ்கோவின் திரைக்கு முன்னால் இருந்தவர்களைத்தான் நினைத்துக்கொள்வேன். அவர்கள் சரியாகப் பார்த்தார்கள், சரியாகச் சொன்னார்கள்.

இதில் ‘இப்படியும் நடந்திருக்கலாம்’ என்று ஒன்று உண்டு. பிரிட்டனிடம் ஆர்க் ராயல் என்ற பெரிய விமானந்தாங்கி இருந்தது. அதிலிருந்து கானெட் விமானங்கள் ராடாரோடு உயரே பறந்து, கப்பலுக்குத் தெரியாத தூரத்தை எல்லாம் பார்த்துச் சொல்லும். அதற்கு வாரிசாகக் கட்ட இருந்த புதிய விமானந்தாங்கியை 1966-ல் செலவு அதிகம் என்று ரத்து செய்தார்கள். 1970-களின் கடைசியில் ஆர்க் ராயலும் கானெட்டுகளும் ஓய்வுக்குப் போயின. பெரிய கப்பல் எதற்கு என்று அன்றைக்கு லண்டனில் கேட்ட அதே கேள்வியைத்தான் இன்றைக்குத் தங்கள் கட்டுரையாளர் கேட்கிறார். கானெட் மேலே இருந்திருந்தால் அந்த விமானங்களை எத்தனையோ கிலோமீட்டருக்கு அப்பாலேயே பார்த்திருக்கலாம். ஷெஃபீல்டு போன பிறகு அவசர அவசரமாக சீ கிங் ஹெலிகாப்டரில் ராடாரைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். அந்தப் போரில் தலைமைக் கப்பலாக இருந்த ஹெர்மிஸ்தான் 1987-ல் நம்மிடம் விராட் ஆக வந்து, 2017 வரை உழைத்தது. நாமும் பிறகு ராடார் சுமக்கும் காமோவ்-31 ஹெலிகாப்டர்களை வாங்கினோம்.

அதே சீ டார்ட்தான் 1991 பிப்ரவரி 25 அன்று, அமெரிக்காவின் மிசௌரி கப்பல் இருந்த பக்கம் ஈராக் ஏவிய சில்க்வார்ம் ஏவுகணையைக் குளஸ்டர் கப்பலிலிருந்து கிளம்பி அடித்து வீழ்த்தியது. சில்க்வார்ம், ஸ்டைக்ஸின் சீன வாரிசு. ஷெஃபீல்டில் கிளம்பாத ஆயுதம் குளஸ்டரில் கிளம்பியது. குளஸ்டரில் இருந்தவர்கள் விழித்திருந்தார்கள், பார்த்ததை நம்பினார்கள். 2006-ல் லெபனான் கரையில் இஸ்ரேலின் ஹனீத் கப்பல் அடிபட்டபோது அதன் ஏவுகணைத் தடுப்பு இயங்கும் நிலையில் இல்லை. நாலு பேர் இறந்தார்கள். கட்டுரையில் பெரிதாகப் படம் போட்டிருந்த ரஷ்யாவின் மாஸ்க்வா கப்பலும் 2022 ஏப்ரலில் உக்ரைனின் இரண்டே ஏவுகணையில் போனது உண்மைதான். அத்தனை பெரிய கப்பல், அத்தனை தடுப்பு ஏவுகணைகள். அப்படியும் அந்த இரண்டையும் தடுக்கவில்லை.

அடிபட்ட பிறகும் கப்பல் பிழைக்கலாம் என்பதைக் கட்டுரையாளர் கணக்கிலேயே எடுக்கவில்லை. 1987-ல் பாரசீக வளைகுடாவில் இரண்டு எக்சோசே வாங்கி 37 பேரை இழந்த அமெரிக்காவின் ஸ்டார்க், ஊர் போய்ச் சேர்ந்தது. தீயோடு சண்டை போட்ட மாலுமிகள் காப்பாற்றினார்கள். நம்மிடமும் அந்த வித்தை இருக்கிறது. 2024 ஜனவரியில் ஏடன் வளைகுடாவில் மார்லின் லுவாண்டா என்ற எண்ணெய்க் கப்பலை ஏமனின் ஹூத்திகளின் ஏவுகணை தாக்கித் தீப்பிடித்தது. உள்ளே சட்டென்று பற்றிக்கொள்ளும் நாஃப்தா எண்ணெய்; மாலுமிகளில் 22 பேர் இந்தியர்கள். நம் விசாகப்பட்டினம் நாசகாரி போய், தீயணைப்புக் குழுவை அந்தக் கப்பலுக்கே அனுப்பியது. நாஃப்தா எரியும் கப்பலுக்குள் கால் வைப்பது என்றால் என்ன என்று தீப்பயிற்சி எடுத்தவனுக்குத்தான் தெரியும். தீ அணைந்தது, கப்பல் தப்பியது. கரையோரம் நிறுத்திவைத்த ஏவுகணைப் படகு ஏடன் வரைக்கும் போய், அங்கேயே வாரக்கணக்கில் நின்று, இதைச் செய்யுமா?

நம் மலையின் பெயரைத் தாங்கிய கப்பலையே எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் கட்டிய முதல் லியாண்டர் வகைக் கப்பலுக்கு நீலகிரி என்று பெயர்; 1972 ஜூன் 3 அன்று பணியில் சேர்ந்தது. முன்பக்கம் இரட்டைக் குழல் பீரங்கி, விமானங்களுக்கு எதிராகக் குறுகிய தூர சீகேட் ஏவுகணை. எய்லாட் மூழ்கிய காலத்தில் அது பம்பாய்க் கட்டுதளத்தில் இருந்தது. கப்பலை அடிக்கும் ஏவுகணை கடைசி வரைக்கும் அதற்கு வாய்க்கவில்லை. 1996-ல் ஓய்வு பெற்றது; அடுத்த வருஷம் ஏப்ரலில் சீ ஹாரியர் விமானம் ஏவிய சீ ஈகிள் ஏவுகணைக்கு இலக்காக நின்று மூழ்கியது. 2025 ஜனவரி 15 அன்று மும்பையில் பணியில் சேர்ந்த புதிய நீலகிரி அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எடை. எட்டு பிரம்மோஸ், வரும் ஏவுகணையை வானிலேயே அடிக்க 32 பராக்-8, எதிரி ராடாரில் சிறிதாகத் தெரியும்படி சரித்துக் கட்டிய பக்கங்கள். ஆனால் பழையதைவிட ஆட்கள் குறைவு. ஆட்கள் குறையக் குறைய ஒவ்வொருவனும் கூடுதலாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கப்பல் கட்டுவதைக் கேள்வி கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டிய இடங்கள் வேறே இருக்கின்றன. 2019-ல் கோழிக்கோடு கப்பல் ஓய்வு பெற்றதோடு நம்மிடம் இருந்த மைன்ஸ்வீப்பர்கள் தீர்ந்துவிட்டன. 1988-ல் வளைகுடாவில் அமெரிக்காவின் சாமுவேல் ராபர்ட்ஸ் கப்பலைக் கிழித்தது முதல் உலகப் போருக்கும் முந்தைய வடிவத்தில் செய்த கண்ணிவெடி. தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ வெளியே யாராவது அப்படி நாலு போட்டுவிட்டுப் போனால், எத்தனை பிரம்மோஸ் இருந்து என்ன செய்ய? அதைப் பற்றித் தங்கள் பத்திரிகை எழுத வேண்டும். உயரே பறந்து பார்க்கும் ராடார் ஹெலிகாப்டர்களும் விமானங்களும் கப்பல்களின் எண்ணிக்கைக்கு ஈடாகக் கூடுகின்றனவா என்று கேட்க வேண்டும்.

மூன்றாவதுதான் என் நெஞ்சை அரிப்பது. 2022-ல் வந்த அக்னிபாத் திட்டத்தில் சேரும் பையனுக்கு நாலு வருஷம். அதன் பிறகு நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். அந்தக் குமிழை எவ்வளவு திருப்புவது என்று விரலுக்குப் பிடிபடுகிற நேரத்தில் நாலில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். பக்கத்தில் உட்கார்ந்து தட்டிச் சொல்லித்தர சீனியர் எங்கிருந்து வருவான்? கப்பலுக்கு ஆயிரக்கணக்கான கோடி செலவழிக்கும் அரசு, அதன் திரைக்கு முன்னால் உட்காரும் பையனைக் குறைந்தது ராடார், சோனார், தீயணைப்பு ஆகிய பிரிவுகளிலாவது நீண்டகாலப் பணியில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த பாதுகாப்பு பட்ஜெட் வரும்போது எத்தனை கப்பல் என்று மட்டும் செய்தி போடாமல், இந்தப் பிரிவுகளில் எத்தனை பேரை நிரந்தரமாக்கினார்கள் என்றும் கேட்டு வெளியிடும்படி வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கடற்படை ராடார் பணியாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.